மணி அடித்த தாத்தா



காலையில் உங்கள் காதில் விழும் முதல் சொல் எது? 'எழுந்திரு!' பிறகு 'பல் தேய்', 'குளி', 'சாப்பிடு', 'கிளம்பு'. பள்ளிக்குப் போனால் 'உட்கார்', 'எழுது', 'படி'. இப்படி எதிரில் இருப்பவரை ஒரு வேலை செய்யச் சொல்லும் சொல்தான் ஏவல் வினைமுற்று.

இதை உருவாக்குவது மிகவும் எளிது. 'ஓடுதல்' என்பதில் 'தல்' என்பதை எடுத்துவிடுங்கள், 'ஓடு' கிடைக்கும். பாடுதல் - பாடு. செய்தல் - செய். 'படித்தல்', 'நடத்தல்' போன்றவற்றில் 'த்தல்' என்பதை எடுக்க வேண்டும், படி, நட. வினையின் வேர்தான் ஏவல்! நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், 'நட', 'வா' என்று தொடங்கி 23 வேர்ச்சொற்களை எடுத்துக்காட்டாகத் தருகிறார். சில சொற்கள் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வருதல் - வா. தருதல் - தா. நிற்றல் - நில். கேட்டல் - கேள்.

எதிரில் பலர் இருந்தால்? 'உங்கள்' சேருங்கள். ஓடுங்கள், பாருங்கள், செய்யுங்கள், படியுங்கள். பெரியவர் ஒருவரே இருந்தாலும் இதே சொல்தான். இங்கேதான் நான் ஒரு முறை தவறு செய்தேன்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, நாமக்கல் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் சேர்ந்த புதிது. அங்கே மணி அடிப்பவர் என் அப்பா வயதுக்காரர். நான் வாத்தியார் அல்லவா! மிடுக்காக, 'மணி அடி' என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அடித்தார். இரண்டு நாள் கழித்து, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அவரிடம், 'ஏய், மணி அடி!' என்றான். அதட்டப் போன எனக்கு நாக்கு எழவில்லை. அவன் யாரிடம் கற்றான்? என்னிடம்தானே!

மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும், 'ஐயா, மணி அடியுங்க' என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, 'சரிங்க சார்' என்றார். அதன் பிறகு எந்தப் பிள்ளையும் அவரிடம் 'அடி' என்று சொல்லவில்லை. 'வாங்க', 'உக்காருங்க', 'சொல்லுங்க' என்று நம் கொங்குச் சீமையில் புழங்கும் அந்த 'ங்க' சின்னதுதான்; அதன் மதிப்பு பெரிது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்பானிய மொழியில் 'பேசுதல்' என்பதற்கு 'ஆப்லார்' என்று சொல்வார்கள். நண்பனிடம் கடைசி 'ர்' எழுத்தை விட்டுவிட்டு 'ஆப்லா' என்பார்கள். மரியாதைக்குரியவரிடம் 'ஆப்லே'. 'சாப்பிடுதல்' என்பது 'கோமேர்'. நண்பனிடம் 'கோமே', பெரியவரிடம் 'கோமா'. பார்த்தீர்களா? முதல் சொல்லில் 'ஆ' ஓசை 'ஏ' ஆகிறது; அடுத்ததில் 'ஏ' ஓசை 'ஆ' ஆகிறது. ஓர் உயிரெழுத்தை மாற்றினால் மரியாதை வந்துவிடுகிறது!

இன்னொரு செய்தி. உங்கள் வினாத்தாளில் 'எழுது' என்று இல்லாமல் 'எழுதுக', 'விடையளிக்க' என்று இருக்கிறதே, ஏன்? அது வியங்கோள் வினைமுற்று. ஒருவருக்கும் பலருக்கும் அதே சொல்தான். 'வாழ்க' என்று வாழ்த்தவும் அதுவே உதவும். ஏவலால் வாழ்த்த முடியாது.

செய்து பாருங்கள்: 1. ஆடுதல், 2. சிரித்தல், 3. தருதல். இவற்றை முதலில் தம்பியிடம் சொல்வது போலவும், பிறகு பாட்டியிடம் சொல்வது போலவும் மாற்றுங்கள்.

விடை: 1. ஆடு - ஆடுங்கள். 2. சிரி - சிரியுங்கள். 3. தா - தாருங்கள்.

இன்று மாலை வீட்டில் கேட்கும் ஏவல் சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் சொன்னவை எத்தனை, 'ங்க' போட்டவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்!