பழைய போன் ஸ்லோ ஆகிடுச்சா? புதுசு வாங்கும் முன் இந்த ரெண்டையும் பாருங்க!

"பாப்பா, கேமராவைத் தொட்டாலே போன் ஆஃப் ஆகிடுது. சார்ஜ் முப்பத்தி நாலு காட்டுது. ஆனாலும் ஆஃப் ஆகிடுது."

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்பாவிடமிருந்து வந்த அழைப்பு இது. அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் தையல் கடை. ஒரு மழைக்கு அளவு நோட்டு நனைந்து எழுத்தெல்லாம் அழிந்துபோனதிலிருந்து, அளவு எழுதிய கையோடு அந்தப் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துவிடுவார். யாருக்கு எந்தக் கழுத்து, யார் கையை இறக்கி வைக்கச் சொன்னார்கள் என எல்லாம் அந்த கேலரியில்தான் இருக்கிறது. சீசன் நேரத்தில் கேமரா இல்லையென்றால் அவருக்குப் பாதிக் கடை இல்லாத மாதிரி.

நான் கொஞ்சம் டெக் பைத்தியம். ஆபீஸில் யார் போன் மாற்றினாலும் "எது வாங்கலாம்?" என்று என்னிடம்தான் வருவார்கள். அப்பாவுக்கும் பழக்க தோஷத்தில் அதே பதில்தான் வந்தது: "ஏழு வருஷம் ஆச்சுல்லப்பா, புதுசு வாங்கிடலாம். இ.எம்.ஐ. போட்டுக்கலாம்."

"போன் நல்லாத்தான் இருக்கு பாப்பா. அதுக்குத் தெம்புதான் இல்ல" என்றார்.

ஸ்பெக்ஸ் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை. அப்பா சொன்னதுதான் சரியான டயக்னோசிஸ்.

34% இருக்கும்போது ஏன் ஆஃப் ஆகிறது?

மொட்டை மாடி தண்ணீர் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. ஆனால், உப்புத் தண்ணீர் ஓடி ஓடி குழாய்க்குள் படிவம் கட்டியிருக்கிறது. சமையலறையில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். அதே நேரம் பாத்ரூமில் ஷவரையும் திறந்தால் இரண்டிலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். டேங்க் காலியில்லை, வேகமாகக் கொடுக்க வழியில்லை.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வயதாகும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கொள்ளளவு குறைவது ஒரு பக்கம். உள்ளே இருக்கும் மின்தடை ஏறுவது இன்னொரு பக்கம். வாட்ஸ்அப் பார்க்கும்போது தேவைப்படும் மின்சாரம் கம்மி, அதனால் போன் சமாளித்துவிடும். கேமராவைத் திறந்தால் சென்சார், ஸ்க்ரீன், பிராசஸர் எல்லாம் ஒரே நொடியில் மின்சாரம் கேட்கும். பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று கீழே போகும், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகிவிடும். அப்பா போனில் கேமராதான் கெட்டுவிட்டது என்று நானே முதலில் நினைத்தேன்.

பேட்டரியின் வயதை 'சைக்கிள்' கணக்கில் சொல்வார்கள். இன்று 50%, நாளை 50% என இரண்டு நாளில் 100% செலவழித்தால் அது ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும் 80% கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையிலும், ஐபோன் 15 முதல் 1,000 சைக்கிள் வரை தாங்கும் வகையிலும் வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. தினமும் ஒரு முறை ஃபுல்லாகத் தீர்ப்பவருக்கு 500 என்பது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சைக்கிளைவிட மோசமான எதிரி சூடு. அப்பாவின் போன் ஏழு வருஷமாக இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில், சார்ஜரில் மாட்டியபடியே இருந்தது. நம்ம ஊர் வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப்பையும் ஓடவிட்டு, சார்ஜும் போடுகிறோமே, அதுவும் இதே ரகம்தான். எப்போதும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் பேட்டரிக்கு ஆகாது. அதனால்தான் இப்போது பல போன்களில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி வருகிறது. இருந்தால் ஆன் செய்து வையுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் ஆஃப் செய்துகொண்டால் போதும்.

ஆப்பிள் மாட்டிக்கொண்ட கதை

'பழைய போனை கம்பெனியே வேண்டுமென்று ஸ்லோ ஆக்குது' என்ற பேச்சுக்கு ஒரு பின்கதை உண்டு. 2017 ஜனவரியில் வந்த ஐ.ஓ.எஸ். 10.2.1 அப்டேட்டில், பேட்டரி பலவீனமான ஐபோன் 6, 6எஸ் வகை போன்கள் திடீரென ஆஃப் ஆகாமல் இருக்க, பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் சேர்த்தது. ஆனால், வேகம் குறையும் என்பதை யூஸர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பழைய போன்களின் வேகத்தை அளந்து பார்த்தவர்கள் விஷயத்தை வெளியே கொண்டுவர, ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பிறகு மன்னிப்பும் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்க வழக்கு அதிகபட்சம் 50 கோடி டாலர் வரை தருவதாக சமரசத்தில் முடிந்தது.

என்னைக் கேட்டால், இன்ஜினீயரிங்காகப் பார்க்கும்போது அவர்கள் செய்தது தப்பில்லை. ஆஃப் ஆகும் போனைவிட மெதுவான போன் பரவாயில்லை. சொல்லாமல் செய்ததுதான் தப்பு. 'பேட்டரியை மாத்துங்க, சரியாகிடும்' என்ற ஒரு வரியை ஸ்க்ரீனில் காட்டியிருந்தால், பலர் புது போன் வாங்கியிருக்கவே மாட்டார்கள்.

இது என் யூகம் மட்டுமில்லை. 2019 ஜனவரியில் ஆப்பிள் வருமானக் கணிப்பைக் குறைத்தபோது, முதலீட்டாளர்களுக்கு டிம் குக் ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் புது ஐபோனுக்கு மாறாததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, குறைந்த விலையில் பலரும் பேட்டரி மாற்றிக்கொண்டது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மணி நேரம்

அப்பாவின் போனை கூரியரில் சென்னைக்கு வரவழைத்தேன். முதலில் போனது அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு. போனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த மாடலுக்கு பார்ட்ஸ் நிறுத்தியாச்சு மேடம். எக்ஸ்சேஞ்ச்ல 700 ரூபாய் வரும், புது மாடல் பார்க்கிறீங்களா?" என்றார்கள். ஏழு வருஷக் கேலரிக்கு 700 ரூபாய்!

அடுத்து மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் சென்னையில் முதலில் சொல்லும் தெரு. சின்னக் கடை, ஒரு மேஜை, ஒரு ஹீட் மேட், கையில் பிளாஸ்டிக் துண்டு. பின்பக்கத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கித் திறந்த அண்ணன், பேட்டரியை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். லேசாக உப்பியிருந்தது. "இதோட இவ்ளோ நாள் ஓட்டினதே பெரிசும்மா" என்றார்.

இங்கே ஒரு நிமிஷம். பின்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தாலோ, ஸ்க்ரீன் ஓரம் பிதுங்கினாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து நிஜம்.

புது பேட்டரிக்கும் கூலிக்கும் சேர்த்து 1,100 ரூபாய். வெளிக்கடையில் மாற்றுவதில் சிக்கல் இல்லாமல் இல்லை. லேபிளில் எவ்வளவு பெரிய எம்.ஏ.எச். எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஒரிஜினலைவிட ரொம்ப அதிகமாகப் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள், அதே சைஸ் பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது. பசையைப் பிரித்து ஒட்டிய போனை அதன் பிறகு வாட்டர்ப்ரூஃப் என்று நம்பக் கூடாது. பில்லும் வாரன்டியும் எழுதி வாங்குங்கள். எனக்கு மூன்று மாதம் எழுதிக் கொடுத்தார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் கிடைக்குமென்றால், கொஞ்சம் கூட ஆனாலும் அங்கேயே மாற்றுவதுதான் என் சாய்ஸ்.

கேமராவைத் திறந்தேன். ஆஃப் ஆகவில்லை. பத்து போட்டோ எடுத்தேன், ஃப்ளாஷ் போட்டும் எடுத்தேன். ஸ்டோரேஜ் வழிந்துகொண்டிருந்தது, 'குட் மார்னிங்' படங்களை மட்டும் அழித்ததில் 6 ஜிபி கிடைத்தது. அதிலேயே போன் இன்னும் கொஞ்சம் வேகமானது. ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டால், புதிதாக எழுதுவதற்கு இடம் ஒதுக்கவே போன் திணறும்.

பாதிப் பிரச்னை தீர்ந்தது.

இன்னொரு பாதி: சாஃப்ட்வேருக்கு எக்ஸ்பயரி டேட் உண்டு

போனைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அப்பாவின் வங்கி ஆப்பை அப்டேட் செய்யலாமே என்று ப்ளே ஸ்டோரைத் திறந்தேன். 'உங்கள் சாதனத்தில் இந்த ஆப் இயங்காது' என்று வந்தது. அப்பாவிடம் கேட்டால், "அது ரொம்ப நாளா அப்படித்தான். பழசே ஓடுது, அதையே வச்சிருக்கேன்" என்றார் சாதாரணமாக. மளிகை, நூல், துணி, கரன்ட் பில் எல்லாம் போகிற அக்கவுன்ட் அது!

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால், 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அப்பா போனில் இருந்தது 2021 மார்ச். அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்து அடைக்கப்பட்ட ஓட்டைகளில், போன் கம்பெனி தரவேண்டிய எதுவும் அந்த போனுக்கு வந்து சேரவில்லை. ஓட்டை எங்கே என்பது ஊருக்கே தெரியும், நம் வீட்டில் மட்டும் திறந்தே கிடக்கும்.

பேட்டரியைக் கடையில் வாங்கலாம், இதை வாங்க முடியாது. கூகுள் அடைப்பைக் கொடுத்தாலும், அதை உங்கள் மாடலுக்கு ஏற்றபடி போன் கம்பெனி தயாரித்து அனுப்ப வேண்டும். சிப் தயாரிப்பவர் தன் பங்கை நிறுத்திவிட்டால் போன் கம்பெனிக்கும் கஷ்டம். லினியேஜ் ஓ.எஸ். போன்ற வெளி சாஃப்ட்வேரை ஏற்றிப் பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு கொடுக்கலாம். நானே என் பழைய போனில் செய்திருக்கிறேன், ஜாலியாக இருக்கும். ஆனால், பல வங்கி ஆப்கள் அப்படி மாற்றிய போனில் இயங்க மறுக்கும். அப்பாவுக்கு அது தேவையில்லாத தலைவலி.

நல்ல செய்தி, இப்போது நிலைமை மாறுகிறது. 2023-ல் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தன. பட்ஜெட் போன்களில் இந்தக் கணக்கு ரொம்பக் குறைவாக இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: இந்த வருஷக் கணக்கு பொதுவாக மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. நான்கு வருஷ அப்டேட் உள்ள போனை, வெளியாகி இரண்டரை வருஷம் கழித்து பண்டிகை ஆஃபரில் பாதி விலைக்கு வாங்கினால், கையில் இருப்பது ஒன்றரை வருஷம்தான். அந்தத் தள்ளுபடி ஏன் என்று இப்போது புரியும்.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள் இந்த இரண்டு பக்கத்தையுமே பிடிக்கின்றன. பேட்டரி 800 சைக்கிளுக்குப் பிறகும் 80% தாங்க வேண்டும். விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கியமான பார்ட்ஸ் கிடைக்க வேண்டும். அப்டேட்டுக்கான ஐந்து ஆண்டுக் கணக்கும் அங்கே விற்பனையை நிறுத்திய நாளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பெட்டியிலேயே ரிப்பேர் செய்ய எவ்வளவு எளிது என்ற கிரேடும் இருக்கும். இந்தியாவில் 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. போன்களுக்கு ரிப்பேர் மதிப்பெண் கொடுப்பது பற்றி அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அப்பாவுக்காகக் கடை கடையாக ஏறியபோது எந்தப் பெட்டியிலும் அப்படி ஒரு மதிப்பெண்ணை நான் பார்க்கவில்லை.

ஆமாம், கடைசியில் கடை ஏறத்தான் வேண்டியிருந்தது. பணம் போகும் அக்கவுன்ட்டை 2021-ல் நின்றுபோன போனில் விட எனக்கு மனசு வரவில்லை. ஆனால், கேமராவையும் ராமையும் பார்க்காமல், அப்டேட் எந்த வருஷம் வரை என்று கேட்டுத்தான் வாங்கினேன். சேல்ஸ் பையனுக்கு பதில் தெரியவில்லை, கம்பெனி வெப்சைட்டில் தேடிப் பார்த்துச் சொன்னார். இ.எம்.ஐ. போடவில்லை. 'நோ காஸ்ட்' என்றாலும், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில் வட்டியாகக் காட்டும் தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. பில்லில் அதைக் கவனிப்பவர்கள் கம்மி.

அப்பாவிடம் இரண்டு சிம். வங்கியில் கொடுத்திருக்கும் நம்பர் இப்போது புது போனில் இருக்கிறது, அதில் யு.பி.ஐ.யும் வங்கி ஆப்பும் மட்டும்தான். பழைய போனிலிருந்து வங்கி ஆப்பை எடுத்தாச்சு, கேலரியை ஒரு காப்பி எடுத்து வைத்தாச்சு. கடை நம்பர், வாட்ஸ்அப், அளவு போட்டோ எல்லாம் பழையதிலேயே ஓடுகிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் போட்டோ. அளவு நோட்டின் கடைசிப் பக்கம், எல்லா வரியிலும் டிக். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பாப்பா, அந்தப் புது போனை இஸ்திரிப் பெட்டிகிட்ட வைக்கலாமா?"

வேண்டாம்ப்பா.