பூமியின் பிளவும் சர்க்காரின் கடமையும்

2001-ஆம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி காலை, தேசமெங்கும் குடியரசு தின விழா நடந்துகொண்டிருந்த வேளையில், கச்சு பிரதேசம் அதிர்ந்தது. 13,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். இவ்வளவு நாசத்தை விளைவித்த பிளவு எங்கே என்று விஞ்ஞானிகள் தேடியபொழுது, நிலத்தின்மீது அதன் வாய் காணப்படவில்லை. பின்னதிர்ச்சிகள் எழுந்த இடங்களையும் ஆழங்களையும் கணக்கிட்ட பின்னரே, தெற்கு நோக்கிச் சரிந்து பூமிக்குள் மறைந்துகிடந்த அப்பிளவின் உருவம் புலனாயிற்று.

எல்லாப் பிளவுகளும் இவ்வாறு மறைந்திருப்பதில்லை. இதே கச்சில் 1819-ஆம் வருஷத்துப் பூகம்பத்தின்போது சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் மேடாக எழும்பிற்று. மனிதர் கட்டாத அணையாதலால் ஜனங்கள் அதற்கு 'அல்லா அணை' என்று பெயரிட்டனர். இத்தகைய மேடுகளையும், திடீரென்று திசை மாறும் ஆறுகளையும், நேர்கோடாக ஓடும் பள்ளத்தாக்குகளையும் செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் ஒரே பார்வையில் காட்டிவிடுகின்றன. ஆனால் படத்தில் தெரியும் கோடெல்லாம் பிளவாகிவிடாது. பழைய கரையாகவோ, இரு வகைப் பாறைகளின் எல்லையாகவோ இருக்கலாம். ஆகவே புவியீர்ப்பையும் காந்த சக்தியையும் இடத்துக்கு இடம் அளந்து, பூமிக்குள் செல்லும் அதிர்வலைகளையும் ஆராய்ந்து, அந்தக் கோட்டுக்கு ஆழம் உண்டா என்று சோதிக்கிறார்கள். மேலே கண்டதும் கீழே அளந்ததும் ஒத்துவந்தால்தான் சாட்சியம் வலுப்பெறும்.

படம் பிழையானால் நேருவது என்ன? 1993-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி கில்லாரியில் 7,000-க்கு மேற்பட்டோர் மண்ணோடு கட்டிய கல்வீடுகளுக்குள் புதைந்தனர். கருங்கற்படலத்தால் மூடப்பட்ட அப்பிரதேசம் அபாயம் மிகக் குறைந்த முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வகுப்பே 2002-இல் நீக்கப்பட்டது.

படம் சரியாயிருந்தும் பயனில்லாமற் போவதுண்டு. கச்சு பல்லாண்டுகளுக்கு முன்னரே அபாயம் மிகுந்த ஐந்தாம் வகுப்பில் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கேற்ற கட்டட விதிகளும் எழுதப்பட்டிருந்தன. எழுதிய விதி ஏட்டிலே கிடந்தது. 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்தில்கூட மாடிக் கட்டடங்கள் சரிந்தன.

கலிபோர்னியாவில் 1971-ஆம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பின், மறு வருஷமே ஒரு சட்டம் இயற்றினார்கள். செயலுள்ள பிளவின்மேல் ஜனங்கள் குடியிருக்கும் கட்டடம் எழுப்பலாகாது. பிளவு மண்டலத்திலுள்ள சொத்தை விற்பவன் அந்த உண்மையை வாங்குபவனுக்கு அறிவிக்கவேண்டும். மறைந்த பிளவுக்கு இச்சட்டம் மட்டும் போதாது என்பதற்குக் கச்சே சான்று. அங்கே உறுதியான கட்டடமே காப்பு. ஆயினும் பூகோளப் படத்துக்குச் சட்டத்தின் பலம் தரவேண்டும் என்ற கொள்கை நமக்கும் உகந்ததே.

பிளவுப் படங்கள் ஒவ்வொரு நகரசபையின் மேஜைக்கும் வரவேண்டும். தாய்மொழியில் ஜனங்களின் கைக்கும் எட்டவேண்டும். படத்தைப் பாராமல் கட்டட அனுமதி வழங்கும் அதிகாரி அதற்குப் பதில் சொல்லக் கடமைப்படவேண்டும். பூமி அசைவதைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. வீடு விழாமல் தடுப்பது இயலும். அதைக் கேட்டுப் பெறுவது ஜனங்களின் உரிமை என்பது நமது துணிவு.