'ஆக்' மொழியில் பீல்டு எடுப்பது எப்படி?

குடியிருப்போர் சங்கப் பாக்கிக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறீர்கள். அதை சிஎஸ்வி பைலாகச் சேமித்தால் ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும்:

குமார்,மதுரை,450

பெயர், முகவரி, பாக்கி என மூன்று பீல்டுகள். பாக்கியை மட்டும் எடுக்க 'ஆக்' என்ற ஸ்கிரிப்ட் மொழி போதும். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் உருவாக்கியது; அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளே மொழியின் பெயர். லினக்ஸிலும் மேக்கிலும் வழக்கமாக இருக்கும். விண்டோஸில் தனியாக நிறுவ வேண்டும்.

பிரிக்கும் குறி காற்புள்ளி என்று சொல்லிவிட்டால், ஆக் ஒவ்வொரு வரியையும் அந்த இடங்களில் வெட்டும். துண்டுகளுக்கு $1, $2, $3 என்று பெயர். $3-ஐ பிரிண்ட் செய்யச் சொன்னால் பாக்கிகள் மட்டும் வரும். கூட்டச் சொன்னால் மொத்தம் வரும்.

இப்போது இந்த வரியைப் பாருங்கள்:

செல்வி,"12, தெற்குத் தெரு, தேனி",300

முகவரிக்குள்ளும் காற்புள்ளி! மேற்கோள் குறிக்குள் இருப்பது எக்செல்லுக்கு ஒரே பீல்டு. ஆக் அதைக் கவனிக்காமல் ஐந்து துண்டாக்கிவிடும். $3 இப்போது 'தெற்குத் தெரு'. எழுத்துகளை எண்ணாகக் கூட்டச் சொன்னால் ஆக் பூஜ்யம் என எடுத்துக்கொள்ளும். மொத்தத்தில் 300 ரூபாய் குறையும். பிழைச் செய்தியே வராது. பிழை காட்டி நின்றுபோகும் புரோகிராம்கூடப் பரவாயில்லை, இதுதான் மோசம்.

ஆகவே கூட்டும் முன் ஒரு சோதனை. வரியில் எத்தனை பீல்டு என்பதை 'என்எஃப்' சொல்லும். அது 3 ஆக இல்லாத வரிகளை மட்டும் பிரிண்ட் செய்து பாருங்கள். செல்வி அங்கே சிக்குவார்.

2023-இல் வெளியான ஜிஎன்யு ஆக் 5.3 பதிப்பில் சிஎஸ்விக்கென்றே ஓர் ஆப்ஷன் சேர்க்கப்பட்டது. அதைக் கொடுத்தால் மேற்கோள் குறிகளை ஆக் பார்த்துக்கொள்ளும். பழைய பதிப்பு என்றால், எக்செல்லிலேயே முகவரிகளில் உள்ள காற்புள்ளிகளை அரைப்புள்ளியாக மாற்றிவிட்டுச் சேமியுங்கள்.