முடிவிலாப் போரும் அதன் பின்கதையும்

நல்ல கதை ஒன்றைப் படித்து முடித்ததும், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்பது மனித இயல்பு. அக்கேள்விக்கு விடையாகவே தொடர் நூல்கள் பிறக்கின்றன. பிறப்பவை எல்லாம் முதல் நூலின் பெயரைக் காக்கின்றனவா? ஜோ ஹால்டிமன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1999-இல் வெளியிட்ட 'ஃபாரெவர் ஃப்ரீ' என்ற நாவலைப் படித்தபோது எனக்கு எழுந்த ஐயம் இதுவே. 1974-இல் அவர் எழுதிய 'தி ஃபாரெவர் வார்' நாவலின் நேரான தொடர்ச்சி அது. இடையே 1997-இல் வந்த 'ஃபாரெவர் பீஸ்' பெயரால் மட்டுமே உறவு. கதையும் மாந்தரும் வேறு.

ஹால்டிமன் இயற்பியலும் வானியலும் பயின்றவர். வியட்நாம் போருக்குக் கட்டாயமாக அழைக்கப்பட்டுக் காயமுற்றுத் திரும்பியவர். அந்தப் படிப்பும் இந்தப் புண்ணும் கலந்ததே முதல் நாவல். கதைத்தலைவன் மண்டெல்லா இயற்பியல் படித்த இளைஞன். டாரன் என்னும் வேற்றுலகத்தாரோடு போரிட, ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் கப்பலில் அனுப்பப்படுகிறான்.

இங்கேதான் ஐன்ஸ்டைன் வருகிறார். விரைந்து செல்பவனுடைய கடிகாரம், நிற்பவனுடைய கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்பது 1905-இல் அவர் வெளியிட்ட சார்பியல் கொள்கையின் முடிவு. ஒளி வேகத்தில் நூற்றுக்கு 60 பங்கு வேகத்தில் செல்வோர்க்கு, நம்முடைய 10 ஆண்டுகள் 8 ஆண்டுகளாகும்; 80 பங்கானால் 6 ஆண்டுகள்; 99.5 பங்கானால் ஏறத்தாழ ஓர் ஆண்டே. இது வெறுங்கற்பனையன்று. வானின் உயரத்தில் தோன்றும் மியூவான் என்னும் துகளின் சராசரி வாழ்நாள், ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் அது 700 மீட்டர்கூடக் கடக்க இயலாது. ஆயினும் பல கிலோமீட்டர் கடந்து தரையை எட்டுகிறது. அதன் வேகத்தால் அதன் காலம் நீள்கிறது என்பதே விளக்கம்.

இந்தக் கணக்கை ஹால்டிமன் துயரமாக மாற்றினார். மண்டெல்லாவுக்குச் சில ஆண்டுகளே கழிய, பூமியில் போர் 1143 ஆண்டுகள் நீள்கிறது. எதிரியைச் சந்திக்கும்போது அவன் கையில் இருப்பது நேற்றைய ஆயுதமா, நாளைய ஆயுதமா என்று யாருக்கும் தெரியாது. ஊர் திரும்பினால் மொழியும் வழக்கமும் மாறியிருக்கின்றன. முதுமையைக் காரணம் காட்டித் தாய்க்கு மருத்துவம் மறுக்கப்படுகிறது. ஊரைவிட்டு வந்து படிக்கும் நமக்கு இவ்வுணர்ச்சி ஓரளவு புரியும். ஆனால் நாம் திரும்பும்போது நம் வீட்டாரும் நம்மோடு சேர்ந்தே மூத்திருப்பர். அந்த ஆறுதல்கூட அவனுக்கு இல்லை. இத்தனைக்கும் போர் ஒரு தவறான எண்ணத்தில் தொடங்கியது என்று இறுதியில் தெரிகிறது!

அவன் காதலி மேரிகே என்ன செய்தாள்? விண்கப்பலில் மிக விரைவாகப் போய்ப் போய்த் திரும்பி, பத்து ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டுமே மூத்து, அவனுக்காகக் காத்திருந்தாள். இயற்கை விதியை அவள் மீறவில்லை. அவ்விதியையே தோணியாக்கிக் காலத்தைக் கடந்தாள். நூலின் சிகரம் இதுவே.

இனிப் பின்கதைக்கு வருவோம். இருவரும் மணந்து, மக்களைப் பெற்று, குளிர் மிகுந்த ஒரு கோளில் வாழ்கின்றனர். மனித இனமோ ஒரே மனமுடைய ஒரு கூட்டமாகிவிட்டது. பழைய வீரர்களை அது அருங்காட்சிப் பொருள்போல் பேணுகிறது. மனம் வெறுத்த வீரர்கள் அதே கப்பலைக் கைப்பற்றி, தமக்குப் பத்து ஆண்டுகள் கழிய, 40,000 ஆண்டுகள் கடந்து திரும்பத் திட்டமிடுகின்றனர். இதுவரை நூல் சிறப்பாகவே செல்கிறது. போர் முடிந்தபின் வீரன் எதற்காக வாழ்வது என்ற கேள்வி உண்மையான கேள்வி.

முடிவைச் சொல்லாமல் குறையைச் சொல்ல இயலாது, வாசகர் பொறுத்தருள்க. கப்பலின் எரிபொருள் காரணமின்றி மறைகிறது. திரும்பினால் 24 ஆண்டுகள் கழிந்துள்ளன. ஊரில் மனிதரே இல்லை, ஆடைகள் மட்டும் கிடக்கின்றன. காரணம் தேடிச் சென்றால், அண்டத்தையே ஒரு சோதனையாக நடத்தும் ஆற்றல் ஒன்று எதிர்ப்பட்டு, எல்லாம் தன் செயல் என்கிறது.

"அறிவியல் கதையில் இறைவன் வரக்கூடாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக வரலாம். ஆனால் முதல் நூலின் வலிமை எங்கே இருந்தது? முறையிட ஆளில்லை என்பதில் இருந்தது. ஒளியின் வேகம் தளபதிக்கும் வளையாது, தாயின் கண்ணீருக்கும் வளையாது. ஆகவே இழந்தது இழந்ததுதான். விதியை நிறுத்தவும் நடத்தவும் வல்ல ஒருவர் வந்துவிட்டால், அந்த இழப்பெல்லாம் விளையாட்டாகிவிடுகிறது. மேரிகேயின் காத்திருப்பும் விலை குறைந்துபோகிறது.

சதுரங்கத்தில் தோற்பவன் பலகையைக் கவிழ்த்தால் அதை வெற்றி என்போமா? தொடர் எழுதுவோர் புதிய கோள்களைப் படைக்கலாம். புதிய மாந்தரைப் படைக்கலாம். முதல் நூலில் தாமே ஏற்ற விதியை மட்டும் கைவிடலாகாது. நண்பர்களே, முதல் நாவலை அவசியம் படியுங்கள். பின்கதையையும் படியுங்கள், கப்பல் புறப்படும்வரை சுவைத்துப் படியுங்கள். அதன்பின் வருவதை, எழுதக்கூடாத முடிவுக்கு எடுத்துக்காட்டாகப் படியுங்கள்.