வியர்க்கும் ஊரில் சிப்பிக் காளான்: பை ஏன் பச்சையாகிறது?

வீடியோவில் பார்த்தால் எல்லாம் சுலபம்தான். வைக்கோலை நனைக்கணும், வித்தைத் தூவணும், பையைக் கட்டணும். மூன்று, நான்கு வாரத்தில் கொத்துக் கொத்தாகக் காளான். ஆனால் சென்னை, கடலூர் மாதிரி கடலோர ஊர்களில் வீட்டில் முயன்று பார்ப்பவர்களுக்குச் சில நேரம் கிடைப்பது வேறு: பத்தாவது நாள் பையில் பச்சைத் திட்டு, கூடவே புளிச்ச வாடை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது சரிப்படாது" என்று பையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தப்பு வெயில் மேல் மட்டும் இல்லை.

பச்சை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அது டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை. வைக்கோலிலேயே இருக்கும், காற்றிலும் வரும். காளானுக்குப் பிடிக்கும் வெதுவெதுப்பும் ஈரமும் அதற்கும் பிடிக்கும். வைக்கோலை யார் முதலில் பிடிப்பது என்பதுதான் போட்டி.

அதனால் முக்கியமான வேலை அடுப்படியிலேயே முடிந்துவிடுகிறது. 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, பிறகு சுமார் ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைக்க வேண்டும். ஆறியதும் சுத்தமான துணியில் பரப்பி, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பாருங்கள். உள்ளங்கை ஈரமாகணும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் உலரட்டும்.

பை கட்டிய பிறகு?

பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓரங்களில் வித்து என மாறி மாறி நிரப்பி, காற்றுக்குச் சிறு துளைகள் போட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளையாகிவிடும். பிறகு பையைக் கிழித்துவிட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கணும். அதற்காக ஜன்னலை அடைத்துவிடக் கூடாது. கரியமில வாயு தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துவிடும்.

ஏசி ரூமில் வைக்கலாமா?

வேண்டாம். ஏசி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், மொட்டு காய்ந்துபோகும். இன்னொரு காரணமும் உண்டு. முற்றிய சிப்பிக் காளான் வித்துத்தூளைக் காற்றில் கொட்டும். அது சிலருக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீடு என்றால் ரொம்பக் கவனம். படுக்கையறை கூடாது, நிழலான பால்கனி மூலை நல்லது. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுத்துவிடுங்கள்.

கத்திரி வெயிலில்?

சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி செல்சியஸ் சுகம். அதனால் ஐப்பசி முதல் மாசி வரை அதற்கு. கோடையில் பால் காளானுக்கு மாறுவதுதான் புத்திசாலித்தனம். அது 30 முதல் 35 டிகிரியிலும் நன்றாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏபிகே 2 அந்த வகைதான். என்ன, படுக்கையின் மேல் வேகவைத்த மண் போடும் வேலை ஒன்று கூடும்.

முதல் தடவை இரண்டு பை போதும். ஒன்றில் பச்சை தெரிந்தால் வீட்டுக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியேற்றுங்கள். இன்னொன்றாவது தப்பிக்கும்.