மண் வகுத்த மிதிவண்டி

மோட்டார் வண்டி பெருகிய பிறகே ஊருக்கு ஊர் தார்ச் சாலையும் பெருகிற்று. அதாவது, வாகனம் முன்னே வந்து நின்று தனக்கு ஏற்ற பாதையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. மலை மிதிவண்டியின் சரித்திரமோ இதற்கு நேர்மாறானது. அங்கே பாதைதான் முன்னே இருந்தது. கல்லும் வேரும் சேறும் புழுதியும் நிறைந்த அந்தப் பாதை, தன்மீது ஏறிய சைக்கிள்களை வளைத்தும் உடைத்தும், இந்த உறுப்பு உதவாது, அந்த உறுப்பை மாற்று என்று போதித்து, கடைசியில் தனக்கு உகந்த வண்டியைத் தானே செய்வித்துக்கொண்டது. ஆகையால் அந்த வண்டியின் சாதனங்களை அறிய விரும்புகிறவரும், அதைக் கொண்டு நடக்கும் உலகப் பந்தயங்களை ரசிக்க விரும்புகிறவரும் முதலில் மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் என்னும் பிரதேசம் வரும். டமல்பைஸ் மலையும், அதைச் சூழ்ந்த குன்றுகளும், காட்டுத்தீ மூண்டால் அணைக்கும் வண்டிகள் போவதற்காக வெட்டி வைத்த மண்சாலைகளும் அங்கே உண்டு. 1970-களில் அப்பகுதி வாலிபர்கள் சிலர், 1930-களிலும் 40-களிலும் ஷ்வின் கம்பெனி செய்த, பருத்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, மலைமேல் கொண்டுபோய் அங்கிருந்து கீழ்நோக்கி ஓட்டினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே அவர்கள் விரும்பிய சரிவு ஒன்று, மூன்று கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறங்குவது. அந்தச் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்புறமாக மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் உராய்ந்து நிறுத்தும் பழைய மாதிரி பிரேக்கே இருந்தமையால், ஒரு முறை அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஹப்பு தீயாய்க் கொதித்து, உள்ளிருந்த கிரீஸெல்லாம் புகைந்து போய்விடும். மறுபடியும் புதுக் கிரீஸ் அடைத்தாலொழிய வண்டி அடுத்த ஓட்டத்துக்கு உதவாது. அதையொட்டியே அந்தச் சரிவுக்கு ரீபேக், அதாவது மீண்டும் அடைத்தல், என்ற பெயரும் வந்தது.

1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, அவர்களுள் எவன் வேகமானவன் என்ற வாதத்தைத் தீர்ப்பதற்காக, ஒவ்வொருவராகப் புறப்படவிட்டு நேரம் கணிக்கும் பந்தயம் அங்கே நடந்தது. ஆலன் பாண்ட்ஸ் என்பவர் முதல் வெற்றியைப் பெற்றார். பந்தயங்களைத் திரட்டி நடத்தியவர் சார்லி கெல்லி. பிற்பாடு அவர்களுள் ஒருவரான கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில் இறங்கியதே அச்சரிவின் சாதனையாக நிலைத்தது. பழைய வண்டிகள் இந்த அடியைத் தாங்கமாட்டா என்பதைக் கண்ட ஜோ பிரீஸ் என்ற மற்றொருவர், மலைப்பாதைக்கென்றே உறுதியான எஃகுக் குழாய்களால் 1977-இல் தம் கையாலேயே ஒரு வண்டியைக் கட்டினார். அது இன்று வாஷிங்டனில், ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிட்சி என்பவர் வண்டிச் சட்டங்களைச் செய்துகொடுக்க, ஃபிஷரும் கெல்லியும் வியாபாரம் தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டியைப் பெரும் எண்ணிக்கையில் செய்து விற்க ஆரம்பித்தது. 1990-இல் கொலராடோ மாகாணத்து டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன் பந்தயமும், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் முதல் பதக்கப் பந்தயமும் நடந்தேறின. ஒரு மலைச்சரிவில் பிறந்த விளையாட்டு இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் மேடை ஏறியது என்றால், அதன் ஜீவசக்தி எத்தகையது என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, மண் வகுத்த அந்தச் சாதனங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சக்கரம் ஒன்றே நிலத்தைத் தொடுவது. ஆகையால் முதலிடம் டயருக்கே உரியது. சாலைப் பந்தயக்காரர் தம் மெல்லிய டயரில் சதுர அங்குலத்துக்கு எழுபது ராத்தல் அளவும் அதற்கு மேலும் காற்று நிரப்புவது வழக்கம். மலைப்பாதையில் ஓட்டுகிறவரோ இருபது முதல் இருபத்தைந்து ராத்தலுக்குள் நிறுத்திக்கொள்கிறார். காற்றுக் குறைந்த டயர் கல்லின்மேல் துள்ளாமல் அதைக் கவ்விப் படிந்து செல்கிறது என்பதே காரணம். ஆனால் அளவுக்கு மேல் குறைத்துவிட்டாலோ, கூரிய கல்லில் ரிம் மோதி டயர் கிழிந்துபோகும். எனவே உழவன் பதம் பார்த்து ஏர் பூட்டுவதுபோல, பந்தயக்காரரும் அன்றைய ஈரத்தைப் பார்த்து அரை ராத்தல் கூட்டுவதா குறைப்பதா என்று நிதானிக்கிறார். இந்த டயர்களுக்குள் டியூப் கிடையாது. அதற்குப் பதிலாகக் கொஞ்சம் ரப்பர்ப் பால் ஊற்றியிருப்பார்கள். முள்ளோ கல்லோ துளைத்தால், சக்கரம் சுழலச் சுழல வெள்ளைத் துளிகள் சீறித் தெறிக்கும். அடுத்த சில சுற்றுகளுக்குள் அந்தப் பாலே துவாரத்தில் உறைந்து, ஓட்டுகிறவர் இறங்காமலேயே பஞ்சர் அடைபட்டுவிடும். டயரின் மேற்புறத்துக் குமிழ்களும் மண்ணுக்கு மண் மாறுபடும்: இறுகிய வறண்ட தரைக்குத் தாழ்ந்து நெருங்கியவை, சேற்றுக்கு உயர்ந்து விலகியவை, ஏனெனில் அவற்றின் இடைவெளியில் ஒட்டும் சேறு சக்கரம் சுழலும் வேகத்தில் உதிர்ந்துவிட வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும், பல வண்டிகளில் சட்டத்தின் பின்பகுதியிலும் அமைந்த அதிர்வுதாங்கிகளை, உடம்புக்குச் சௌகரியம் தருவதற்காக வைத்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். சௌகரியம் உபரி லாபமே. மேடு பள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் அழுத்தி வைப்பதே அவற்றின் பிரதானத் தொழில், ஏனெனில் அந்தரத்தில் சுழலும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் கலந்த பந்தயத்துக்கான வண்டியில் அவை 100 முதல் 120 மில்லிமீட்டர் வரை அமுங்கும். இறக்கப் பந்தயத்து வண்டியிலோ சுமார் 200 மில்லிமீட்டர். ஹேண்டில்பாரில் உள்ள ஒரு சிறு விசையைத் தட்டினால் சீட்டு கீழே இறங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இப்போது பரவியிருக்கிறது; செங்குத்தான இடத்தில் ஓட்டுகிறவர் சரீரத்தைப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்த அது இடம் கொடுக்கிறது. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்குகள் சேற்றில் வழுக்கினமையால், சக்கரத்தின் நடுவே தனித் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. இவ்வாறு ஒவ்வோர் உறுப்புக்கும் பின்னால் மண் தந்த ஒரு பாடம் இருக்கிறது.

மண்ணின் சுபாவமோ நாளுக்கு நாள் மாறுவது. லேசான ஈரம் ஊறிய கருமண்ணில் டயர் இதமாகப் பிடிக்கும். ஓட்டுகிறவர்கள் ஏங்கிக் காத்திருப்பது இந்த நிலைமைக்குத்தான். நீண்ட வெயிலுக்குப் பின் மேலே திரளும் பொடிக்கற்கள், திருப்பங்களில் சக்கரத்தை அடியோடு வாரிவிடும். களிமண் நனைந்தால் டயரின் இடுக்குகளையெல்லாம் அடைத்துக்கொண்டு வண்டியின் பளுவையே கூட்டிவிடும். எல்லாவற்றிலும் அபாயமானது மழையில் நனைந்த மரவேர். அதைக் குறுக்காகக் கடக்கும்போது திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது என்பதும், அதற்கு முன்பே வேகத்தை அடக்கி நேராக உருட்டிவிட வேண்டும் என்பதும் அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்லும் முதல் புத்திமதி.

இவ்வளவும் தெரிந்தவருக்குப் பந்தயம் வேறொரு காட்சியாகத் தோன்றும். பிரதானப் பந்தயங்கள் இரு வகை. ஒன்று, ஏற்றமும் இறக்கமும் உள்ள சுற்றுப்பாதையை எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டுப் பலமுறை சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பது. மற்றொன்று, உச்சியிலிருந்து ஒவ்வொருவராகத் தனித்து இறங்கும் இறக்கப் பந்தயம். இதில் ஒவ்வொருவரின் ஓட்டமும் சில நிமிஷங்களுக்குள் முடிந்துவிடும். இந்த இரண்டாவதில், முன்தேர்வில் வேகமானவர் கடைசியில் புறப்படுவார். எனவே நடுவில் மழை பிடித்துக்கொண்டால், சிறந்தவர்களுக்கே மோசமான பாதை வாய்க்கும். 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை இறக்கப் பந்தயத்தில், அமெரிக்கரான ஆரன் க்வினுக்குப் புறப்பட்டவுடனேயே செயின் அறுந்துவிட்டது. அதன்பின் அவரால் ஒரு மிதிகூட மிதிக்க முடியவில்லை. திருப்பங்களில் வேகத்தைச் சிந்தாமலும், மேடுகளில் சரீரத்தை அமுக்கி எழுப்பிப் பாதையிடமிருந்தே வேகத்தை வாங்கியும் இறங்கிவந்து, அந்தப் பந்தயத்தை அவர் வென்றே விட்டார். கால்பலத்தைவிட மண்ணறிவு எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் நான் கண்டதில்லை.

முதல் வகைக்கு உதாரணமாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸைச் சொல்வேன். அந்தப் பந்தயம் நடந்த எலான்கூர் குன்று பாரிஸ் வட்டாரத்திலேயே மிக உயரமான இடம். ஆயினும் அதன் உயரம் 231 மீட்டர்தான். ஒரு காலத்தில் கல்லெடுத்த இடமாகவும், பிறகு குப்பைமேடாகவும் இருந்த அக்குன்றில் சரளைக்கல் பரப்பிப் பாதை அமைத்திருந்தார்கள். முன்னணியில் ஓடிய இங்கிலாந்துக்காரர் டாம் பிட்காக்கின் முன்சக்கரம் பந்தயத்தின் நடுவே பஞ்சராயிற்று. நினைத்த இடத்தில் உதவி பெற விதி இடம் கொடாது. குறித்த பகுதிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் துணைவர் சக்கரம் மாற்றலாம். அவ்வாறு மாற்றிக்கொண்டு புறப்படுவதற்குள் ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர், ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டி, கடைசிச் சுற்றில் பிரான்ஸ் வீரர் விக்டர் கொரெட்ஸ்கியை எட்டினார். மரம் ஒன்றின் இருபுறமும் பாதை பிரிந்து கூடும் இடத்தில், கொரெட்ஸ்கி ஒரு பக்கம் செல்ல, இவர் மறுபக்கம் புகுந்து முந்தி, ஒன்பது விநாடி வித்தியாசத்தில் தங்கத்தை வென்றார். அந்தக் கணத்தில் அவர் எடுத்த முடிவு, பயிற்சி நாட்களில் அந்தப் பாதையை அங்குலம் அங்குலமாக மனத்தில் பதித்துக்கொண்டதன் பலன் என்பது என் நம்பிக்கை.

இத்தனை இன்பத்துக்கும் ஆதாரமான பாதையைக் காப்பது, அதில் ஓடுகிறவர் அனைவரின் கடமை. மலைப்பாதையின் முதல் சத்துரு தண்ணீர். பாதையின் நீளத்தோடு ஓடவிட்டால் அது அரித்து ஓடையாக்கிவிடும். ஆகவே தேர்ந்தவர்கள் பாதையை வெளிப்புறம் சற்றுச் சாய்த்து, இடையிடையே சிறு ஏற்றங்களை வைத்து, நீர் குறுக்கே வழிந்து போகும்படி அமைக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் ஓட்டினால் பதியும் சக்கரத்தடம், காய்ந்தபின் கல்லாய் இறுகி அடுத்த மழைக்கு வாய்க்காலாகிறது. தேங்கிய நீரைச் சுற்றிப் போனாலோ பாதை அகன்று பக்கத்துச் செடிகள் அழிகின்றன. மண் காயும்வரை வீட்டில் இருப்பதும், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடுவதும், பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்காமல் இறங்குவதும் இந்த விளையாட்டின் தர்மம். 1988-இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கம் இவற்றையே வற்புறுத்தி வருகிறது.

இந்தத் தேர்ச்சி மலையோடு நின்றுவிடுவதும் அல்ல. எலான்கூரில் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற பிரான்ஸின் போலின் ஃபெரான் பிரெவோ, மறு ஆண்டே சாலைக்குத் திரும்பி, கல் பாவிய பகுதிகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தையும், பெண்களுக்கான டூர் தெ பிரான்ஸையும் வென்றார். ஆகையால் இந்தப் பந்தயங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் வாசகருக்கு என் விண்ணப்பம் இதுவே: வெற்றியாளரின் பெயரைத் தேடுமுன் அன்றைய வானிலையை விசாரியுங்கள், பின்பு டயரின் குமிழ்களைக் கவனியுங்கள், பிறகு ஒரே திருப்பத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொருவரும் எந்தத் தடத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பாருங்கள். ஒரே பந்தயத்திலேயே, முன்னே போகிறவர் ஏன் முன்னே போகிறார் என்பது உங்களுக்கு விளங்கத் தொடங்கும்.