வாவிக்கரை அறிவும் விளையாட்டு நிரலாக்கமும்

க.பொ.த. உயர்தரத்தில் தெரிவுசெய்யும் பிரிவே வாழ்நாள் தொழிலைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் இலங்கையில் ஆழ வேரூன்றியிருப்பதால், வர்த்தகப் பிரிவிலோ கலைப் பிரிவிலோ பயின்று, கடையிலோ அலுவலகத்திலோ சில ஆண்டுகள் பணியாற்றிய காத்தான்குடி இளைஞர் ஒருவர் கணினி விளையாட்டு நிரலாளராக விரும்பினால், காலம் கடந்துவிட்டது என்ற பதிலையே பெரும்பாலும் எதிர்கொள்கிறார். அத்துறையின் வரலாறோ வேறுவிதமானது. 1958 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், அலைகாட்டியின் திரையில் ‘டென்னிஸ் ஃபோர் டூ’ விளையாட்டை உருவாக்கிய வில்லியம் ஹிகின்போதம் ஒரு பௌதிகவியலாளர். 1984 இல் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை எழுதிய அலெக்சி பஜித்னோவ், மொஸ்கோவில் செயற்கை நுண்ணறிவை ஆராய்ந்துகொண்டிருந்தவர்.

வங்கி மென்பொருள் பயனரின் கட்டளைக்காகக் காத்திருக்க, விளையாட்டு மென்பொருளோ ஆடுபவர் எதுவும் செய்யாதிருக்கும்போதும் இயங்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளீட்டை வாசித்தல், விளையாட்டினுள் உள்ள உலகின் நிலையைப் புதுப்பித்தல், படத்தை வரைதல் ஆகிய மூன்றும் பொதுவாக வினாடிக்கு 60 தடவை மீள மீள நிகழ்வதே விளையாட்டுச் சுழற்சி எனப்படும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி மட்டுமே.

அந்த உலகின் விதிகளை வகுக்கும் இடத்தில்தான் துறை மாறி வருபவரின் பலம் வெளிப்படுகிறது. காத்தான்குடியை ஒட்டியுள்ள மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொண்டால், வடகீழ்ப் பருவமழையில் நீர்மட்டம் உயர்ந்து தாழ்நில வயல்கள் மூழ்கத் தொடங்கும்போது, மணல்மேட்டால் அடைபட்டிருக்கும் முகத்துவாரம் தானாக உடைகிறது, அல்லது வெட்டிவிடப்படுகிறது. பின்னர் கடல்நீர் உட்புகுந்து உவர்த்தன்மை மாற, அதற்கேற்ப மீன், இறால் ஆகியவற்றின் நடமாட்டமும் மாறுகிறது. நிரலாளர் நீர்மட்டம், மேட்டின் உயரம், உவர்ப்பு ஆகியவற்றை மாறிகளாக, அதாவது நிரல் இயங்கும்போது மதிப்பு மாறக்கூடிய பெயரிட்ட சேமிப்பிடங்களாக, அமைத்து, அவற்றிடையேயுள்ள தொடர்புகளை நிபந்தனைகளாக எழுதுகிறார். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற முடிவை ஆடுபவரிடம் ஒப்படைத்து, வயலையும் மீன்பிடியையும் ஒருங்கே காக்க வேண்டிய பொறுப்பையும் அவர்மேல் சுமத்தினால், அங்கே ஒரு விளையாட்டு பிறந்துவிடுகிறது. நிரல்மொழியின் இலக்கணத்தைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். வாவியைப் பற்றிய இந்த அறிவை எந்தப் பாடநெறியும் அவ்வளவு விரைவாகத் தந்துவிடாது.

இதற்குத் தமிழிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. கனடாவின் டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியே சொல்கிறது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டில் விடுபட்ட படிகளை ஆடுபவரே ஊகித்து இட்லி முதலிய உணவுகளை ஆக்க வேண்டும். வீட்டுச் சமையலறையின் அறிவு விளையாட்டு விதியாக மாறிய இப்படைப்புக்கு, 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது.

கணிதத்தைத் தவிர்க்க இயலாது. காவி, அதாவது பருமனும் திசையும் உடைய கணியம், பந்தின் பாய்ச்சலிலிருந்து எதிரியின் துரத்தல் வரை எங்கும் தேவைப்படுகிறது. எனினும் சாதாரண தரத்தில் கற்ற பைதகரஸ் தேற்றமும் திரிகோணகணிதமும் தொடக்கத்துக்குப் போதுமானவை. கருவிகளுக்கும் பணம் தேவையில்லை: 2014 இல் திறந்த மூல மென்பொருளாக வெளியான கோடோ என்னும் விளையாட்டு இயந்திரம், அதாவது வரைதல், மோதலறிதல், ஒலி முதலிய பொதுவேலைகளை ஆயத்தமாகத் தரும் மென்பொருள், முற்றிலும் இலவசமானது, இருபரிமாண விளையாட்டுகளுக்குச் சாதாரண மடிக்கணினியே போதும்.

மாத வருமானம் தரும் தொழிலை உடனே கைவிடுவது மட்டும் ஏற்கத்தக்கதன்று. கணினி அறிவியல் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத அமெரிக்கரான எரிக் பரோன், நிரலாக்கத் திறனை வளர்க்கத் தொடங்கிய ‘ஸ்டார்டியூ வலி’ விளையாட்டைத் தனியொருவராக, அரங்கொன்றில் பகுதிநேரமாகப் பணியாற்றியவாறே, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016 இல்தான் வெளியிட்டார். புதியவர் அத்தகைய பெருமுயற்சியில் இறங்குமுன், ஒரே திரையில் தொடங்கி முடியும், அறிமுகமற்ற ஒருவரும் விளக்கமின்றி ஆடக்கூடிய சிறு விளையாட்டொன்றை முழுமையாக்குவது நன்று. வேலைக்கு ஆள் சேர்ப்போருக்குச் சான்றிதழோடு காட்டத்தக்கதும் அதுவே.